வேலிப்பூ

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் படலையைத் திறந்து நாலு எட்டு வைத்ததும் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றாகவே இருக்கும்.

"ஏன் டீச்சர், வளவு துப்பரவாக்க ஆள் கிடைக்கல்லியா?"

ஆள் கிடைக்காமலில்லை. அரை நாள் கூலிக்கு மண்வெட்டியோடு வருவதற்குப் புத்தளத்தில் ஆட்கள் உண்டு. வந்தால் அவர்கள் முதலில் வெட்டி எறிவது நான் வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவற்றைத்தான் என்பதால் கூப்பிடுவதில்லை. ஒரு முறை அப்படி நடந்தது. நோன்புப் பெருநாளுக்கு வளவு வெளிச்சமாக இருக்கட்டும் என்று என் கணவர் ஒருவரைக் கூட்டிவந்தார். நான் பாடசாலை விட்டு வரும்போது ஆவாரையும் தும்பையும் ஒரே குவியலாகப் புகைந்துகொண்டிருந்தன. வந்தவரில் பிழையில்லை. அவர் ரோசாவைத் தொடவில்லை, குரோட்டனைத் தொடவில்லை. பூமரம் எது, காடு எது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அந்தக் கணக்கு இன்றுவரை பிடிபடுவதில்லை.

எங்கள் காணி 15 பேர்ச். மணல் தரை. கிணற்றுத் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரைக் குடித்து ரோசா இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. வாங்கி வைப்பேன், மொட்டு விடும், இலை கருகும், போய்விடும். ஒரு வரட்சியில் எல்லாச் சாடியும் காய்ந்து கிடந்தபோது சுவரோரத்தில் யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத ஓர் எருக்கலை ஊதா நிறத்தில் பூத்து நின்றது. அன்றுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. எருக்கலம்பிட்டியில் பிறந்தவள் நான். எருக்கலை நின்ற பிட்டி என்று ஊரின் பெயரே சொல்கிறது. அந்த ஊர்க்காரி காசு கொடுத்து ரோசாவை வாங்கி உப்புத் தண்ணீரில் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த எருக்கலையிலிருந்துதான் என் தோட்டம் தொடங்கியது. அதன் மொட்டுக்களை விரலால் நசுக்கி 'டப்' என்று வெடிக்க வைப்பது சின்ன வயதில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று மூத்தம்மா துரத்துவார். அதே மூத்தம்மாதான் முழங்கால் நோவுக்கு அதன் இலையை வாட்டி ஒத்தடம் கொடுப்பார். இப்போது நான் அதில் பார்ப்பது வேறு. செம்மஞ்சள் நிறத்தில், சிறகோரம் கறுத்த ஒரு வண்ணத்துப்பூச்சி இலைக்கு அடியில் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு வெளியே வந்து அந்த நஞ்சு இலையையே தின்னும். தின்ற நஞ்சு அதன் உடம்பில் தங்கிவிடும். அதனால் குருவிகள் அதைத் தீண்டுவது குறைவு. பாடப்புத்தகத்தில் இருந்து எத்தனையோ தடவை கற்பித்த விஷயம்தான். சொந்தச் சுவரோரத்தில் பார்த்தபோதுதான் விளங்கியது.

பிறகு ஆவாரை. கற்பிட்டிப் பாதையோரத்தில் காய் பறித்து வந்து போட்டேன். ஒரு விதைகூட முளைக்கவில்லை. அதன் விதைத்தோல் கடினமானது. மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டு இளகினால்தான் உள்ளே தண்ணீர் போகும். அடுத்த தடவை, கொதித்து இறக்கிய தண்ணீரில் விதைகளைப் போட்டு இரவு முழுவதும் ஊற வைத்து நட்டேன். பாதிக்கு மேல் முளைத்தன. பூ மஞ்சளாக, கொத்துக் கொத்தாக வரும். காய வைத்த பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் தேயிலைக்குப் பதிலாகும். சிங்களத்தில் இதை ரணவரா என்பார்கள். கடைகளில் பக்கெற்றில் விற்கிறார்கள். நோன்பு காலத்தில் இஃப்தாருக்குப் பிறகு நான் குடிப்பது இதைத்தான்.

தும்பைக்கு எந்த உபசாரமும் தேவையில்லை. மழை விழுந்தால் தானாக வரும். வெள்ளைப் பூ; அரிசி அளவு தேனுக்காகச் சிறு தேனீக்கள் காலையிலிருந்து வந்துகொண்டிருக்கும். நான் செய்வதெல்லாம் ஒன்றுதான். பூ காய்ந்து விதை விழும்வரை பிடுங்காமல் இருப்பது. காட்டுப்பூ வளர்ப்பில் பாதி வேலை இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். அது மற்ற வேலைகளைவிடக் கஷ்டம் என்பதைப் பெண்கள் அறிவார்கள்; பெருநாள் நெருங்க நெருங்கக் கை துடிக்கும்.

அடம்பங்கொடியைக் கடற்கரையிலிருந்து ஒரு முழத் துண்டாகக் கொண்டு வந்தேன். ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலை, ஊதா கலந்த ரோஸ் நிறப் பூ. கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். இப்போது பின்வளவில் காற்றுக்கு மணல் பறப்பதில்லை. நெருஞ்சியை மட்டும் நான் விடவில்லை. அதன் சின்ன மஞ்சள் பூ எனக்குப் பிடிக்கும். ஆனால் பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற வளவு இது. எல்லாவற்றையும் நேசிக்க முடியாது என்பதையும் தோட்டம் கற்றுத் தரத்தான் செய்கிறது.

இவற்றைச் 'சுதேசத் தாவரங்கள்' என்று சொல்வதில் எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. யார் இந்த மண்ணுக்குரியவர், யார் வந்தேறி என்ற கேள்வியை முகத்துக்கு நேரே கேட்கப்பட்ட சமூகம் நாங்கள். செடிகளிலும் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டுமா என்று தோன்றும். பார்க்கப் போனால் நம் பாட்டிமார் நம்முடையது என்று நினைத்த பல, தூரத்திலிருந்து வந்தவை. பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார். வேலியெல்லாம் மண்டிக் கிடக்கும் நாயுண்ணி அமெரிக்காவின் வெப்ப நாடுகளுக்குரியது. 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக இந்த நாட்டுக்குள் வந்தது. மன்னாரின் பெருக்கமரத்தை அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டு வந்தார்கள் என்பது பரம்பரைப் பேச்சு. அந்த மரம் இல்லாமல் இன்று மன்னாரை யார் நினைக்கிறார்கள்?

ஆகவே நான் பார்ப்பது பிறப்புப் பத்திரத்தை அல்ல. பக்கத்தில் நிற்பதை வாழவிடுகிறதா என்பதைத்தான். எருக்கலை நின்றால் ஒரு வண்ணத்துப்பூச்சி வருகிறது. நாயுண்ணி மண்டினால் அதன் அடியில் தும்பை முளைப்பதில்லை. பட்டிப்பூ யாரையும் தள்ளுவதில்லை. அது என் வாசலில் நன்றாகவே நிற்கிறது. செடிகளுக்கு இந்த அளவு விசாரணை போதும். மனிதருக்கு இதைப் பொருத்திப் பார்க்க நான் துணிய மாட்டேன்.

இதுவரை சொல்லாமல் விட்டது ஒரு செடி. சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் எனக்கு 13 வயது. வடக்கில் இருந்த முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் கட்டளையிட்ட நாட்கள் அவை. ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் ஊர் இழந்தோம். எங்களை வள்ளங்களில் ஏற்றினார்கள். மழை. கற்பிட்டிக் கரையில் இறங்கும்போது உம்மாவிடம் ஒரு பையும் என் தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள். இவை பலராலும் எழுதப்பட்டவை. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. எனக்குள் தங்கிப்போன ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு உம்மா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிடுகு வேலி நெடுக மழையில் நனைந்தபடி கார்த்திகைப்பூ பூத்திருந்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. இதழ்கள் ஆறும் மேல்நோக்கி வளைந்து நெருப்புப் போல. அது பூக்கிற மாதம் அதுதான்.

பிறகு பல வருடங்கள் அந்தப் பூவை நான் நேரில் பார்க்கவில்லை. பத்திரிகையில்தான் பார்த்தேன். 2003இல் புலிகள் அதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தார்கள். நவம்பர் 27இல் மாவீரர் நாள் படங்களில் எல்லாம் அது இருந்தது. பூவுக்குப் பதவி கொடுப்பது மனிதருக்குப் பழக்கம்தான். அதே பூ தமிழ்நாட்டின் மாநிலப் பூ. சிம்பாப்வேயின் தேசியப் பூ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறபோது தொடங்குவது இதே காந்தளில்தான். இத்தனையும் எனக்குத் தெரியும். ஆனாலும் பத்திரிகையில் அந்தப் படத்தைக் கண்டால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். என் கண்ணில் அது எங்களைத் துரத்தியவர்களின் பூவாக ஆகிவிட்டிருந்தது.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. 2010 டிசம்பர் விடுமுறையில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. வாசலுக்குள் பற்றை. வேலி நின்ற இடத்தை வேலியாக அடையாளம் காட்ட எதுவும் இல்லை. நான் கிணற்றைத் தேடிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது உம்மா குந்தியிருந்து ஒரு தடியால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூ உதிரத் தொடங்கியிருந்த கொடி.

"உம்மா, அத ஏன் கிண்டுறீங்க?"

"எங்கட வேலியில நிண்டதுதானே."

"அது இப்ப அவங்கட பூ. புத்தளத்துக்குக் கொண்டு போனா என்னென்ன பேச்சு வரும் தெரியுமா?"

உம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "வூட்டத்தான் எடுத்தாங்க. பூவையும் நாங்களே குடுக்கணுமா?" என்றார்.

எனக்குப் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. கலப்பையின் வடிவத்தில் கவர்விட்ட அந்தக் கிழங்கை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். சாடியில் நட்டார்.

வளர்க்க நினைப்பவர்களுக்காகச் சில விஷயங்கள். கார்த்திகைப்பூவின் எல்லாப் பாகமும் நஞ்சு. கிழங்கு கடும் நஞ்சு. கொல்சிசின் என்ற பொருள் அதில் இருக்கிறது. குழந்தைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்டால் கை கழுவ வேண்டும். கிழங்கை நிமிர்த்தி நடக்கூடாது. கிடையாக, மூன்று விரல் ஆழத்தில், தண்ணீர் வடிகிற மணலில் வைக்க வேண்டும். முளை இருப்பது கவரின் நுனியில். அந்த நுனி உடைந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. கொடி ஏறுவதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி விடாது. இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். ஆகவே பக்கத்தில் ஒரு வேலியோ குச்சியோ வேண்டும். மழை முடிந்து கொடி மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஊற்றினால் அழுகும். அடுத்த மழைவரைக்கும் அது மண்ணுக்குள் கிடக்கும்.

இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு வற்றிப் போய், அதிலிருந்து வந்த கொடியின் அடியில் புதுக் கிழங்கு உண்டாகிறது. எருக்கலம்பிட்டி மணலில் இருந்த கிழங்கு இப்போது என்னிடம் இல்லை. இருப்பது புத்தளத்து மணலில் உண்டானது. என் பிள்ளைகளைப் போல.

உம்மா 2016இல் மௌத்தானார். ஊருக்குக் கொண்டு போக வசதிப்படவில்லை. புத்தளத்து மையவாடியில்தான் அடக்கினோம். இரண்டு கபுறுகளின் மேல் ரசூலுல்லாஹ் பச்சை ஈச்சம் மட்டையைப் பிளந்து நட்ட செய்தி ஹதீஸில் இருக்கிறது. உம்மாவின் கபுறில் நாங்கள் ஊன்றிய குரோட்டன் பட்டுப்போனது. மழைக்கு இப்போது அங்கே தும்பைதான் வருகிறது. நான் ஊன்றவில்லை.

சாடி எனக்கு வந்தது. பிடித்ததால் அல்ல, உம்மாவுடையது என்பதால் வைத்திருந்தேன். கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்ற பயத்தில் பின்பக்கம், குளியலறைச் சுவரோரமாக வைத்தேன். உறவினர் ஒருவர் கண்டுவிட்டு, "இத வச்சிக்கிட்டு எப்பிடி ராத்தா நித்திரை வருது?" என்று கேட்டார். அவருடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. அவருடைய வாப்பா ஊர் இழந்த ஏக்கத்திலேயே அகதி முகாமில் போய்ச் சேர்ந்தவர்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் வீடுகளில் நடந்த தேடுதல்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மே மாதம் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். அலுமாரி, மெத்தை, புத்தகங்கள். அரபு எழுத்து உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு கேள்வி. பிறகு பின்வளவு. ஒரு இளம் சிப்பாய் கூரைத் தாழ்வாரத்துக்குள் இருந்த அந்தச் சாடியின் முன்னால் நின்றான். செடி இல்லை, இலை இல்லை. வெறும் காய்ந்த மண். ஒருவன் வெறும் மண்ணை ஏன் சாடியில் வைத்துக் கூரைக்குள் பாதுகாக்கிறான்? அவனுக்கு வந்த சந்தேகம் நியாயமானதுதான்.

"மேக்கே மொனவத?" இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கார்த்திகைப்பூ என்று சொல்லவே முடியாது. அந்தப் பெயருக்கு இந்த நாட்டில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். குண்டு புதைத்திருக்கிறேன் என்று அவன் நினைத்தாலும் ஆபத்து. புலிகளின் பூவைப் புதைத்திருக்கிறேன் என்று நினைத்தாலும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு முஸ்லிம் பொம்பிளை. சட்டென்று சிங்களப் பெயர் நினைவுக்கு வந்தது.

"நியங்களா அல," என்றேன். நியங்களாக் கிழங்கு.

அவன் தடியால் மண்ணைக் கிளறினான். கவர்விட்ட கிழங்கு தெரிந்தது. குனிந்து பார்த்தவன் முகம் கொஞ்சம் இளகியது. தங்கள் ஊர்க் காட்டோரத்திலும் இது நிறைய இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கவனம், நஞ்சு என்று சொன்னான். போவதற்கு முன் கிளறிய மண்ணைக் காலால் தள்ளி மூடிவிட்டுப் போனான்.

அந்தச் சிப்பாயை நல்லவன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என் வீட்டு மெத்தையைக் கிழித்ததும் அதே குழுதான். ஆனால் அன்று இரவு, அந்தப் பூவை அவனுடைய சொல்லால் சொல்லித் தப்பிக்க முடிந்த எனக்கு, என் சொல்லால் சொல்ல ஏன் முடியவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முதல் மழை விழுந்ததும் சாடியை முன்வாசலுக்குக் கொண்டு வந்தேன். மூன்றாவது வருடம் சாடியிலிருந்து எடுத்து முன்வேலியிலேயே நட்டுவிட்டேன்.

2022 நவம்பரில் எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்திருந்த ஒரு தமிழ் டீச்சர் பரீட்சை வினாத்தாள் விஷயமாக வீட்டுக்கு வந்தார். முசலிப் பக்கத்தைச் சேர்ந்தவர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். படலையைத் திறந்தவர் உள்ளே வரவில்லை. வளவு துப்பரவாக்க ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்கவுமில்லை. வேலியைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "அக்கா, இது உங்கட வீட்டில..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"அண்ணா இயக்கத்துக்குப் போனவர். வரேல்ல. உடம்பும் தரேல்ல. அம்மா நவம்பரில இந்தப் பூவைத்தான் படத்துக்கு வைக்கிறவ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவருடைய அண்ணா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பையன்களில் ஒருவராக இருக்க வயது காணாது என்று என் மனம் கணக்குப் பார்த்தது. அப்படிக் கணக்குப் பார்த்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார். "உங்கட ஆக்கள் போகேக்க நான் சின்னப் பிள்ளை. பக்கத்து வீட்டு உம்மா தன்ர ஆட்டை எங்கட வீட்டில கட்டிட்டுப் போனவ. அது குட்டி போட்டது. அம்மா வித்த காசைக் கன நாள் தனியா எடுத்து வச்சிருந்தவ. குடுக்க ஆளைத் தெரியேல்ல. பிறகு நாங்களும் இடம்பெயர்ந்திட்டம்."

போகும்போது ஒரு பூவைப் பறித்துத் தரவா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. எங்கள் வேலியில் பூத்ததை அந்தப் படத்துக்கு முன் வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரும் கேட்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். படலையடியில் நின்று, "கிழங்கு கிடைக்குமா அக்கா? நாங்க இப்ப இருக்கிற வளவில இல்ல," என்று மட்டும் கேட்டார்.

"கொடி காயட்டும். பெப்ரவரியில வாங்க," என்றேன்.

வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். நான் மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தேன். இரண்டு கவர் நன்றாக விட்டிருந்தது. பொருத்தில் பிடித்து முறித்து ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். மற்றதை வேலியடியில் இருந்த குழியிலேயே வைத்து மூடினேன்.

"நஞ்சு. பிள்ளைகள் கவனம். நுனி உடையாமப் பாத்து, கிடையா நடுங்க," என்றேன்.

"தெரியும் அக்கா," என்றார். "எங்கட வேலியிலயும் நிண்டது."